மீனின் மரபணுவை எண்ணுவது பரிணாமம் ஆகுமா?

புதிதாக ஒரு மீனின் மரபணுத்தொகுதி வெளியாகும்போதெல்லாம் கட்டுரையில் ஒரு படம் தவறாமல் வந்துவிடுகிறது. வரிக்குதிரை மீன், மெடாக்கா, பேத்தை என்று பத்துப் பன்னிரண்டு இனங்கள் கொண்ட கிளைமரம். கிளைக்குக் கிளை பச்சையில் ஒரு கூட்டல் எண், சிவப்பில் ஒரு கழித்தல் எண். இத்தனை மரபணுக் குடும்பங்கள் பெருகின, இத்தனை சுருங்கின என்று பொருள். பெருகியவை நோயெதிர்ப்பும் மோப்பமும் சார்ந்தவை, ஆகவே இந்த மீன் தன் சூழலுக்கு இப்படித்தான் தகவமைந்தது என்று அடுத்த பத்தியிலேயே தீர்ப்பு. ஆழ்கடல் மீனோ குகை மீனோ சேற்று மீனோ, தீர்ப்பு பெரும்பாலும் இதுதான்.

ஒப்பீடே வீண் என்று சொல்ல வரவில்லை. வரிக்குதிரை மீனில் உடலமைப்பை நெறிப்படுத்தும் ஹாக்ஸ் மரபணுக்கள் ஏழு கொத்துகளாக இருப்பது 1998இல் தெரிந்ததால்தான், இன்றைய மீன்களில் பெரும்பான்மையான டெலியோஸ்ட் மீன்களின் மூதாதையில் மரபணுத்தொகுதி முழுவதும் இரட்டித்தது என்ற கருத்து வலுப்பெற்றது. அந்த இரட்டிப்புக்கு முன்பே பிரிந்துபோன புள்ளி கார் மீனின் தொகுதி 2016இல் வந்து, மனித மரபணுவையும் மீன் மரபணுவையும் பொருத்திப் பார்க்க வழி செய்தது. நல்ல வேலைகள்தான்.

என் ஆட்சேபம் அந்தப் பச்சை, சிவப்பு எண்களின் மேல். அவை மீனில் இருக்கும் மரபணுக்களை எண்ணவில்லை. கணினி கோத்துத் தந்த வரைவில் அகப்பட்டவற்றை எண்ணுகின்றன. வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனவரை இறந்தவர் கணக்கில் எழுதுவது போன்றது இது. நோயெதிர்ப்பு, மோப்ப மரபணுக்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல, பெரும்பாலும் அடுத்தடுத்து வரிசையாகக் கிடப்பவை. சிறு துண்டுகளாகப் படித்துக் கோக்கும்போது முதலில் குழம்புவது அந்த இடங்கள்தான். பெருகியதாகவோ சுருங்கியதாகவோ எப்போதும் அதே குடும்பங்கள் தலைகாட்டுவதில் வியப்பென்ன? போதாக்குறைக்கு, வரிக்குதிரை மீனின் பட்டியலைப் பல ஆண்டுகளாக ஆட்கள் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். புது மீனுக்கு மென்பொருள் ஒரே ஓட்டத்தில் போட்டுத் தருகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறோம்.

இதைக் கேட்டால், தொகுதியின் முழுமையை அளக்கும் பூஸ்கோ மதிப்பெண்ணைக் காட்டுகிறார்கள்: 95 விழுக்காட்டுக்கு மேல் முழுமையாம். பூஸ்கோ தேடுவது பெரும்பாலான இனங்களில் ஒரே பிரதியாக இருக்கும் மரபணுக்களை. பல பிரதிகள் உள்ள குடும்பங்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சொல்லவேண்டிய இடத்தில் மௌனமாக இருக்கும் சாட்சி அது.

கிளைகளில் எண் போடும் கேஃப் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர் மாத்யூ ஹான். வரைவுத் தொகுதிகளில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கை தவறாக வரக்கூடும் என்று 2014இல் எச்சரித்த கட்டுரையிலும் அவர் பங்கு உண்டு. மென்பொருளை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். 2022இல் பனையேறிக் கெண்டை உட்பட நான்கு முதுகெலும்பிகளின் பழைய தொகுதிகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டபோது, பழையவற்றில் 26 முதல் 60 விழுக்காடு வரையிலான மரபணுக்களில் பிழை தெரிந்தது. அந்தத் தரத்துத் தொகுதிகளிலிருந்து எத்தனை தகவமைப்புக் கதைகள் புறப்பட்டிருக்கும்!

எண்ணிக்கையோடு நிற்காதவர்களும் இருக்கிறார்கள். 2019இல் 101 மீன்களின் தொகுதிகளை அலசிய குழு, டிரெட்மஸ் அர்ஜென்டியஸ் என்னும் ஆழ்கடல் மீனில் மங்கிய ஒளிக்கான ஆப்சின் மரபணுக்கள் 38 இருப்பதாகக் கண்டது. விழித்திரையில் அவற்றில் எவை வேலை செய்கின்றன என்று பார்த்தது. புரதங்களை ஆய்வகத்தில் உருவாக்கி, எந்த அலைநீள ஒளியை உறிஞ்சுகின்றன என்று அளந்தது. அதன் பிறகே கதை சொன்னது.

எல்லாரும் அவ்வளவு தூரம் போக வேண்டாம். எண்ணிக்கை சரியா என்று மட்டுமாவது பார்க்கலாம். கோக்கும்போது இரண்டு பிரதிகள் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தால் அந்த இடத்தில் வாசிப்புத் துண்டுகள் இரு மடங்கு குவிந்திருக்கும். தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் தனித்தனி மரபணுக்களாகப் பிரிந்திருந்தால் பாதியாகக் குறைந்திருக்கும். பார்க்கத் தேவையான தரவு ஆய்வாளரின் வன்தட்டிலேயே கிடக்கிறது. பெருகியதாகச் சொல்லும் குடும்பங்களுக்கு மட்டுமாவது வாசிப்புத் துண்டுகளின் குவிவைக் காட்டும் வரைபடத்தைக் கேட்காமல் எந்த மதிப்பீட்டாளரும் கட்டுரையை அனுப்பி வைக்கக் கூடாது.