குழாய்ப் படம் எரிகிறது, குழாயில் தண்ணீரும் வருகிறது

சென்னையில் தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட ஒரு அடுக்ககம். அதன் மேல்மாடி வீட்டில் டிஷ்வாஷர் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. முகப்பில் குழாய்ப் படம் எரிகிறது. தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம். பக்கத்து சிங்க் குழாயைத் திறந்தால் வருகிறது. சர்வீஸ் ஆள் இன்லெட் வால்வை மாற்றிவிட்டுப் போனார். இரண்டு நாள் ஓடியது, மறுபடி அதே படம். காலையில் போட்டால் நிற்கும். எல்லாரும் தூங்கியபின் போட்டால் ஒழுங்காக ஓடி முடிக்கும்.

அந்தக் காலை, இரவு வித்தியாசத்தைத்தான் முதலில் விசாரித்திருக்க வேண்டும்.

டிஷ்வாஷர் ஒரு சுற்றுக்குச் செலவழிப்பது சுமார் 10 லிட்டர்தான். ஆனால் அந்தத் தண்ணீரை உள்ளே இழுக்க அதில் மோட்டார் கிடையாது. இருக்கும் பம்புகளில் ஒன்று பாத்திரத்தின்மேல் பீய்ச்சுவதற்கு, இன்னொன்று அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. குழாய்த் தண்ணீர் தன் அழுத்தத்தில் தானே வந்து சேர வேண்டும். இன்லெட் வால்வுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. மின்சாரம் திறந்துவிடுவது அதிலுள்ள சிறு துளையை மட்டுமே. சவ்வைத் தூக்குவது தண்ணீரின் அழுத்தம். அது போதாவிட்டால் சவ்வு அரைகுறையாகத்தான் எழும்பும். பல மாடல்களில் ஒரு குட்டிச் சக்கரம் சுழன்று, வரும் தண்ணீரைக் கணக்கெடுக்கிறது. குறித்த நேரத்துக்குள் கணக்கு சேராவிட்டால் மெஷின் நின்றுவிடும்.

பல கம்பெனிகளின் கையேட்டில் குறைந்தது 0.05 மெகாபாஸ்கல், அதாவது 0.5 பார் அழுத்தம் வேண்டும் என்று போட்டிருக்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் தரும். ஆகவே டேங்கின் நீர்மட்டம் மெஷினுக்கு மேலே 5 மீட்டராவது இருக்க வேண்டும். மொட்டை மாடி டேங்குக்கும் மேல்மாடிச் சமையலறைக்கும் நடுவே பல கட்டடங்களில் 3 மீட்டர் தேறினாலே அதிகம். தரைத்தளத்து வீட்டுக்கோ அதே டேங்கிலிருந்து 12 மீட்டர் கிடைக்கிறது. காலைக் குளியலிலும் துணி துவைப்பிலும் டேங்க் 1 மீட்டர் இறங்கினால் கீழ்வீட்டில் யாருக்கும் தெரியாது. மேல்வீட்டுக்கு இருந்த அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

இதைச் சோதிக்க ஒரு வாளி போதும். மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, ஆங்கிள் காக்கை மூடி, ஹோஸைக் கழற்றி, அந்த வாயில் வேறொரு டியூபை மாட்டி வாளிக்குள் விட வேண்டும். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மெஷினைச் சந்தேகிக்கலாம். இந்த வீட்டில் காலை வேளையில் கால் வாளிகூட நிரம்பவில்லை. தண்ணீர் நுழையும் இடத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு சல்லடை உண்டு. போர்த் தண்ணீர் வரும் வீடுகளில் அதில் துருவும் பொடிமணலும் அப்பிக்கொள்ளும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். புது வால்வு இரண்டு நாள் ஓடியதற்கு அதோடு வந்த சுத்தமான சல்லடைகூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஹோஸின் குழாய்ப்பக்க முனையில் பெட்டிபோல ஏதாவது இருந்தால் அதை வெட்டவோ தண்ணீரில் முக்கவோ கூடாது. கசிவு தடுக்கும் மின் வால்வு அதற்குள் இருக்கிறது.

கழுவுவதில் மெஷினைக் குறை சொல்ல இடமில்லை. சாம்பார் காய்ந்த குக்கர், எண்ணெய்ப் பிசுக்கேறிய கடாய், டிகாக்‌ஷன் கறை படிந்த டம்ளர் எல்லாம் சுத்தமாக வருகின்றன. குறை அது தகவல் சொல்லும் விதத்தில். தண்ணீரே வராததையும் மெதுவாக வருவதையும் பிரித்தறியச் சக்கரம் உள்ளேயே இருக்கும்போது, இரண்டுக்கும் ஒரே படத்தைக் காட்டுவது சரியில்லை. நல்ல வால்வைக் கழற்றவைத்தது அந்தப் படம்தான். கடைக்காரர்களும் நிறம், அளவு, தவணை எல்லாம் கேட்கிறார்கள்; எந்த மாடி என்று கேட்பதில்லை.

கடைசியில் தீர்வு பிளம்பரிடமிருந்து வந்தது: சின்ன பிரஷர் பம்ப். "டேங்குக்குக் கீழயே போட்டுக்கலாம்கா, சிங்க்குக்கு அடியில வெச்சா சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்" என்றார். சொன்னது சரி. பம்புக்குத் தள்ளுவது எளிது, உறிஞ்சுவது சிரமம். மழை படாமல் அதற்கு ஒரு மூடி வேண்டும். கூடவே, பம்பைச் சுற்றிக்கொண்டு போகும்படி நான்-ரிட்டர்ன் வால்வுடன் ஒரு பைபாஸ் லைனும் போட வேண்டும். கரண்ட் போனாலும் வீட்டுக் குழாய்களில் பழையபடி தண்ணீர் வரும்.