ஷிபோலேத்: சொல்லும் பொருளும்

உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு ஆங்கிலப் பத்திரிகை புரட்டும் எம்மவர் கண்ணில் 'ஷிபோலேத்' என்ற சொல் இடைக்கிடை தட்டுப்படும். காலாவதியான கொள்கை, உள்ளீடற்ற கட்சிக் கோஷம் என்பதே அங்கு அதன் அர்த்தம். நாம் இதனை ஏற்பதற்கில்லை.

ஹீப்ரு மொழியில் அது தானியக் கதிரைக் குறிக்கும். போரில் தோற்றுத் திரும்பிய எப்பிராயீமியரை யோர்தான் துறையில் மறித்து, அச்சொல்லைச் சொல்லச் சொன்னார்கள் என்கிறது விவிலியம். 'சிபோலேத்' என்றவன் கொல்லப்பட்டான். மாண்டோர் தொகை 42,000 என்கிறது அக்கதை. அங்கே கதிரைப் பற்றி யாருக்கு அக்கறை? நாக்கைத்தான் சோதித்தார்கள்.

1983 யூலையில் எம்மவரைப் பேருந்துகளில் மறித்துக் கேட்ட சிங்களச் சொற்களில் ஒன்று 'பால்திய'. வாளி என்று பொருள். அதன் முதலொலி தமிழ் நாவில் மெலியாது வல்லினமாகவே விழும். எழுத்திலும் எமக்கு 'ப' ஒன்றுதான்.

1990கள் தொட்டு ஐரோப்பிய நாடுகள் சில, தஞ்சம் கோருவோரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து வளர்ந்த இடத்தைக் கணிக்கின்றன. கையில் வாளில்லை, ஆயினும் சோதனை அதே நாக்குக்குத்தான். இச்சொல்லை வெறும் பழங்கோஷம் என்று எழுதுவோர், நாக்கைக் காட்டி உயிர்ப்பிச்சை கேட்டிராதவர்கள்.