தேவாலயக் காசின் சுரூபம்

வரிக்காசைப் பற்றிய சுவிசேஷப் பகுதியை (மாற்கு 12:13-17) விளக்கும் நம் பிரசங்கங்களில் ஒரு கூற்று அடிக்கடி இடம்பெறுகின்றது. ரோமக் காசில் இராயனின் உருவம் இருந்தமையால் அது தேவாலயத்திற்கு ஆகாதென்றும், காசுக்காரர் அதனை வாங்கிக்கொண்டு உருவமற்ற தூய காசை மாற்றிக் கொடுத்தனர் என்றும் கூறப்படுகின்றது. கேட்பதற்கு இனிதாயினும் இக்கூற்று சான்றுக்கு முரணானது.

தேவாலய வரிக்கு ஏற்கப்பட்டது தீரு பட்டணத்து வெள்ளிச் சேக்கல். அதன் ஒரு புறத்தில் அப்பட்டணத்துத் தெய்வமாகிய மெல்கார்த்தின் தலை; மறுபுறத்தில் கழுகு; சுற்றிலும் தீருவைப் பரிசுத்த நகரென்று கூறும் கிரேக்க மேலெழுத்து. ஏறத்தாழ 14 கிராம் எடையும் உயர்ந்த வெள்ளித் தரமுமே அதற்கு இடந்தந்தன, உருவமின்மை அன்று. கிண்ணமும் மாதுளையும் பொறித்த எருசலேமின் சேக்கல் கி.பி. 66-இல் எழுந்த கலகத்தின்போதே தோன்றிற்று.

இராயனின் காசையும் நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. அகுஸ்துவின் காலத்து அந்தியோகிய வெள்ளிக்காசில் ஒருபுறம் வாகை சூடிய இராயன். மறுபுறம் பாறைமீது அமர்ந்த நகர்த்தெய்வமும், அவள் காலடியில் நீந்தும் ஒரோந்தசு நதியும். தன் நகரின் பெருமையைக் கையிற் காணும் குடிமகன், அதனோடு இராயனின் ஆளுகையையும் ஏற்றுக்கொள்கிறான். திபேரியுவின் தெனாரியமோ, நம் கோயம்புத்தூர் வட்டாரத்திலும் கிடைத்துள்ள காசு. அது அவனைத் தெய்வமாக்கப்பட்ட அகுஸ்துவின் குமாரனென்றும் தலைமைக் குருவென்றும் அறிவிக்கின்றது. கி.பி. 132-135 கலகத்தில் பார் கொக்பாவின் மக்கள் அந்தியோகிய வெள்ளியின்மேலேயே தேவாலய முகப்பை அச்சடித்தனர். அவற்றுட் சிலவற்றில் பழைய உருவத்தின் சாயல் இன்றும் தெரிகின்றது.

ஆகவே உருவமுள்ள காசுக்கும் உருவமற்ற காசுக்கும் இடையே நாம் வகுத்த எல்லை நிலைபெறாது. இதைக்கொண்டு யூதரைப் பழிப்பதும் தகாது. தேவனுக்குச் செலுத்துவது தரத்தில் குறையலாகாதென்று அவர்கள் கருதினர் எனக் கொள்ளவும் இடமுண்டு. ஆயினும், எவருடைய சுரூபம் என்னும் ஆண்டவரின் கேள்வி அரண்மனையோடு நில்லாமல் காணிக்கைப் பெட்டி வரைக்கும் வருகின்றது. அப்பெட்டியிலுள்ளது தூயது, வெளியிலுள்ளது தீட்டு என்று போதிப்பவர் அக்கேள்வியினின்று திருச்சபைக்குத் தாமே விலக்களிக்கின்றனர். தேவசாயல் பொறிக்கப்பட்டது வெள்ளியிலன்று, மனிதனில் (ஆதி. 1:27). அவனை யாருக்குச் செலுத்துகிறோம் என்பதே பிரசங்க பீடத்தில் நாம் விடையிறுக்க வேண்டிய வினா.