மரபும் மாசும்: சிவகாசிப் பட்டாசை முன்வைத்து

மரபுவாத அரசியலும் சுற்றுச்சூழல் அக்கறையும் ஒத்துப்போகுமா என்னும் வினாவைத் தமிழ்நாட்டில் வைத்து ஆராய விரும்புவோருக்கு விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு வட்டாரத்தைவிடப் பொருத்தமான களம் வாய்ப்பது அரிது. வழிவழியாக வந்த வழக்கங்களையும் சமூக அமைப்புகளையும் திடீர் மாற்றத்திலிருந்து காக்க வேண்டும் என்றும், தொலைவில் இருக்கும் அரசைவிட ஊரும் குடும்பமும் உறவுமே மனிதரை நெறிப்படுத்தத் தக்கவை என்றும் கருதும் அரசியல் நோக்கையே மரபுவாதம் என்னும் சொல் இங்குக் குறிக்கிறது. அந்த நோக்கு போற்றும் விழா, ஊர்த்தொழில், சமூகக் கட்டு, சுதேசி உற்பத்தி ஆகிய அனைத்தும் சிவகாசியில் காகிதக் குழாய்க்குள் அடைத்த மருந்தில் வந்து சேர்கின்றன. நாட்டின் காற்று மாசு வழக்குகளுள் நீண்டு நடந்துவரும் ஒன்றும் அதே மருந்தைத்தான் குறிவைத்தது.

கொள்கையளவில் மரபுவாதத்துக்கும் சூழலியலுக்கும் பகை இல்லை. மரபுவாதத்தின் மூலவராகக் கருதப்படும் எட்மண்ட் பர்க், பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790இல் எழுதிய நூலில், சமுதாயம் என்பது வாழ்வோர், மறைந்தோர், இனிப் பிறப்போர் ஆகிய முத்தரப்பாரின் கூட்டு என்று வாதிட்டார். நிலத்தையும் நீரையும் அடுத்த தலைமுறைக்குக் கெடாமல் ஒப்படைக்க வேண்டும் என்னும் சூழலியல் அறத்துக்கு இதைவிட உறுதியான அடித்தளம் தேவையில்லை. ஆங்கில மெய்யியலாளர் ரோஜர் ஸ்க்ரூட்டன் 2012இல் வெளியிட்ட நூலில், தாம் வாழும் இடத்தின்மீது மக்கள் கொண்ட பற்றே சூழலைக் காக்கும் விசை என்றும், உலக அமைப்புகளின் ஆணைகள் அந்த விசையை எழுப்பா என்றும் கூறினார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970இல் ரிச்சர்ட் நிக்சன் ஆட்சியில் உருவானதும், புவி வெப்பமாதல் பற்றி முதலில் எச்சரித்த பெருந்தலைவர்களுள் ஒருவராக 1988இல் மார்கரெட் தாட்சர் பேசியதும் நடைமுறைச் சான்றுகள்.

மேலைநாட்டுக்குப் போகாமலே இந்த மரபைக் காணலாம். விருதுநகரை அடுத்த டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா, 1945இல் சிறையில் இருந்தபடி எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், நிலக்கரி, எண்ணெய் போன்ற தீர்ந்துபோகும் இருப்பை உண்டு வாழும் பொருளாதாரத்தையும், ஆண்டுதோறும் இயற்கை தரும் வரவைக்கொண்டு வாழும் பொருளாதாரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். அவரை மரபுவாதி என்று எந்தக் கட்சியும் உரிமை கொண்டாட முடியாது என்றாலும், ஊரைக் காப்பதும் இயற்கையைக் காப்பதும் ஒரே வேலை என்னும் அவருடைய துணிபு இந்த ஆய்வுக்கு அளவுகோலாக உதவும்.

சிவகாசியின் வரலாறு மரபுவாதிகள் பெருமைப்படத்தக்கதே. வானம் பார்த்த கரிசல் பூமியில் வேளாண்மையை நம்பிப் பிழைக்க முடியாத நிலையில், பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் அரசின் பெருந்திட்டம் எதுவும் இன்றி வளர்ந்தன. இதற்குத் துணைநின்றது நாடார் சமூகச் சங்கமான உறவின்முறையின் மகமை, அதாவது ஒவ்வொரு வணிகரும் தம் வியாபாரத்தில் சிறு பங்கைப் பொதுக்காரியத்துக்காக ஒதுக்கும் சமூக நிதி. கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்ட ஒரு சமூகம், காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை போன்ற பள்ளிகளை அந்த நிதியைக்கொண்டு எழுப்பியது. ஊர் தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொள்ளும் என்னும் மரபுவாத நம்பிக்கைக்கு, கற்பனை கலவாத சான்று இது.

இப்படி வளர்ந்த தொழிலின்மீதுதான் காற்று மாசு வழக்கு விழுந்தது. தில்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் 2015இல் தொடுக்கப்பட்ட அர்ஜுன் கோபால் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று வழங்கிய தீர்ப்பு பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் தடை செய்தது. தீபாவளி இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டும், மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளை வெடிக்க இசைந்தது. பேரியம் நைட்ரேட் என்பது எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தரும் உப்பு. பச்சை ஒளி தரும் ரகங்களும் கம்பி மத்தாப்பும் அதை நம்பியே இருந்தன. சரவெடித் தடையோ இன்னும் நுணுக்கமான இடத்தில் அடித்தது, ஏனெனில் வெடிகளைத் திரியோடு திரி சேர்த்துச் சரமாகப் பின்னும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படும் அந்த வேலைக்கு மாற்று எதுவும் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. தீர்ப்பை அடுத்து ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன.

இத்தீர்ப்புக்கு எதிரான மரபுவாத மறுப்பில் வலிமையான பகுதி ஒன்று உண்டு. தமிழகத்தில் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலோடும் வெடியோடும் தொடங்குவது. இரவு 8 மணி என்பது வட இந்தியரின் வழக்கம். இந்த அடிப்படை வேறுபாட்டைத் தமிழக அரசு எடுத்துச் சொன்ன பிறகே, இரண்டு மணி நேர வரம்பை மீறாமல் நேரத்தை மாற்றிக்கொள்ள நீதிமன்றம் ஒரே வாரத்தில் அனுமதித்தது. இன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் வெடிக்கலாம் என்பது அதன் விளைவு. தொலைவிலிருந்து வரும் ஆணை இடமறியாது என்னும் குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. அத்துடன், தலைநகரக் குழந்தைகளின் நுரையீரல் வழக்கின் மையமாக இருந்ததே தவிர, அலுமினியத் தூளையும் கந்தகத்தையும் நாள்தோறும் கையால் அளைந்து சுவாசிக்கும் சிவகாசித் தொழிலாளியின் நுரையீரல் மையமாக இருக்கவில்லை என்பதும் சுட்டத்தக்கது.

ஆனால் மறுப்பு அங்கே நிற்கவில்லை. தில்லித் தலைநகர வட்டாரத்தில் பட்டாசு விற்பனை 2017இல் தடை செய்யப்பட்டபோது, அது இந்துப் பண்டிகையின்மீதான தாக்குதல் என்னும் குரல் எழுந்தது. அன்றிலிருந்து பட்டாசு ஓர் அடையாளப் பொருளாகிவிட்டது. இந்த வாதம் வரலாற்றின்முன் தடுமாறுகிறது. இந்தியாவில் வாணவேடிக்கையின் வரலாற்றை ஆராய்ந்த பி. கே. கோடே, வெடிமருந்து இங்குப் பரவிய காலத்தை ஒட்டி, சுமார் 1400ஆம் ஆண்டிலிருந்தே அதன் கதையைத் தொடங்குகிறார். 1443இல் விசயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் கண்டது அரண்மனையின் மகாநவமி வாணவேடிக்கையை. வீட்டுக்கு வீடு பெட்டி பெட்டியாக வெடிப்பது, மலிவான தொழிற்சாலை உற்பத்தி வந்த பிறகு, அதாவது பெரிதும் இருபதாம் நூற்றாண்டில், பரவிய பழக்கம். அதை விரும்பிக் கொண்டாடுவதில் பிழையில்லை. ஆனால் சந்தை உருவாக்கிய ஒரு வழக்கத்துக்குத் தொன்மையின் பெயரால் விலக்குக் கேட்கும்போது, மரபுவாதம் தான் காக்க வேண்டியது எது என்பதையே மறந்துவிடுகிறது. தொழிலைக் காக்கும் நிலைப்பாடு மரபுவாதிகளுக்கு மட்டும் உரியதும் அன்று: பிற மாநிலங்களின் முழுத் தடையை நீக்கக் கோரி 2020இல் எடப்பாடி பழனிசாமியும் 2021இல் மு. க. ஸ்டாலினும் அம்மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினர்.

உண்மையான மரபு எப்படி இருக்கும் என்பதைச் சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டி காட்டுகிறது. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்ட வரும் காலமும் தீபாவளிக் காலமும் ஒன்றாக இருப்பதால், அவ்வூர் மக்கள் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. கோயில் திருவிழாவிலும் வெடிப்பதில்லை. வழக்கோ ஆணையோ இன்றி ஊர்க்கட்டுப்பாடாகவே நிற்கும் இவ்வழக்கத்தை மதித்து வனத்துறை ஆண்டுதோறும் இனிப்பு வழங்குகிறது. ஸ்க்ரூட்டன் நூலளவில் வாதிட்டதை இந்தக் கிராமம் வாழ்ந்து காட்டுகிறது என்று துணிந்து சொல்லலாம். எனினும் இதன் எல்லையையும் காண வேண்டும்: வெடிப்பவரும் பறவையைப் பார்ப்பவரும் ஒருவரையொருவர் அறிந்த ஊரில் இயலும் கட்டுப்பாடு, ஒருவரையொருவர் அறியாத கோடிக்கணக்கானோர் ஒரே காற்றைச் சுவாசிக்கும் தில்லியில் தானாக விளையாது. அங்கே சட்டம் வந்துதான் தீர வேண்டும்.

மரபுவாத நிலைப்பாட்டின் மிகப் பெரிய குறை சிவகாசிக்கு உள்ளேயே இருக்கிறது. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று தொழிலாளர் வழங்கும் மூவகை உரிமங்களில் எதைப் பெற்ற ஆலையானாலும், ஓர் அறையில் நால்வருக்கு மேல் வேலை செய்யலாகாது, அன்று கலந்த மருந்தை அன்றே தீர்க்க வேண்டும் என்பவை அடிப்படை விதிகள். ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானே சூடேறித் தீப்பற்றும் என்பதால் மிச்ச மருந்தை மறுநாள் தொடுவது உயிருக்கு உலை. உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடும்போது, குத்தகைக்காரர் குறுகிய காலத்தில் போட்ட பணத்தை எடுக்க முனைவதால், இவ்விதிகள் முதலில் பலியாகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். அதன் பின்னும் சாவுகள் நிற்கவில்லை. பள்ளி கட்டிய மகமைக்கு நிகரான ஊர்க்கட்டுப்பாடு ஒன்று உள்குத்தகையை ஒழிக்க எழவில்லை. உறவின்முறையின் கட்டு உறவினருக்கு உதவியது. மருந்தறையில் கூலிக்கு நிற்கும் வேற்றுச் சாதித் தொழிலாளியை அது எட்டவில்லை.

தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கிய பசுமைப் பட்டாசு, மரபுவாதம் விரும்பும் படிப்படியான சீர்திருத்தத்துக்கு நல்ல முன்மாதிரி. வெடிக்கும்போது நீராவியை வெளியிட்டுத் தூசியை அடக்கும் ஸ்வாஸ், பொட்டாசியம் நைட்ரேட்டையும் கந்தகத்தையும் தவிர்க்கும் ஸ்டார், அலுமினியத்தைக் குறைக்கும் சஃபல் என்னும் மூவகையும் துகள் மாசை 30 விழுக்காடு அளவுக்குக் குறைக்கும் நோக்கம் கொண்டவை. தொழிலும் பிழைக்கிறது, விழாவும் நடக்கிறது என்பது இதன் சிறப்பு. ஒரு வெடிக்குக் குறைந்த மாசு, வெடிகளின் எண்ணிக்கை கூடினால் மீண்டும் கூடிவிடும் என்பதும், பசுமை முத்திரை மாத்திரம் ஒட்டிய பழைய மருந்தைக் கடைவீதியில் பிரித்தறிய முடியாது என்பதும் இதன் குறைகள். பேரியத் தடை மீறப்பட்டதா என்று விசாரிக்க நீதிமன்றம் 2020இல் மத்தியப் புலனாய்வுத் துறையை அனுப்ப நேர்ந்தது. மேம்படுத்திய பேரியக் கலவையையும் சரவெடியையும் அனுமதிக்க வேண்டும் என்னும் கோரிக்கை 2023 செப்டம்பரில் தள்ளுபடியானது. தன்கட்டுப்பாடு இல்லாத இடத்தில் வெளிக்கட்டுப்பாடு கடுமையாவது இயல்பு.

ஆகவே மரபுவாதமும் சூழலியலும் இணைய முடியும். ஆனால் அந்த இணைப்பு, எதை வெடிக்க உரிமை உண்டு என்று வழக்காடுவதில் தொடங்காது. விருதுநகர் மாவட்டத்தின் வணிகச் சங்கங்களும் உறவின்முறைகளும் ஆலை முதலாளிகளும், பள்ளிக்கு ஒதுக்கிய மகமையைப் போல மருந்தறைப் பாதுகாப்புக்கும் கழிவுப் பட்டாசுகளைத் தீங்கின்றி அழிப்பதற்கும் ஒரு பங்கை ஒதுக்கி, உள்குத்தகைக்கு விடும் உரிமதாரரைத் தம் சங்கத்திலிருந்து விலக்கி வைக்க முன்வர வேண்டும்.