நகோமியைச் சூழ்ந்த ஊர்ப்பெண்கள்

தமிழ்ப் பாட்டியல் நூலார் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுத்தனர். ஐந்து வயதுப் பேதையில் தொடங்கி, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை எனத் தொடர்ந்து பேரிளம்பெண்ணில் அப்பகுப்பு நிறைவுறுகிறது. பேரிளம்பெண்ணுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வயது 32 முதல் 40 வரை. உலா நூல்களில் தலைவன் வீதிவலம் வருகையில் அவனைக் கண்டு மயங்குவோர் இவ்வெழுவரே. நாற்பதைக் கடந்தவளுக்கு அங்கே பருவமும் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் மருத்துவர்கள் சொல்வதென்ன? பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில். எழுபது, எண்பது வயதுவரை வாழும் ஒரு பெண், தன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கையேனும் இலக்கணம் பெயரிடாத பருவத்தில்தான் கழிக்கிறாள்.

மறைநூலில் அப்பருவத்திற்குக் குரல் உண்டா என்று தேடியபோது, ரூத்து நூல் நமக்கு வேறொரு நூலாகத் தோன்றலாயிற்று. அந்த வாசிப்பை வாசக அன்பர்கள்முன் வைப்பதே நம் நோக்கம்.

நான்கே அதிகாரங்கள், 85 வசனங்கள் கொண்ட சிறுநூல் இது. நம் விவிலியத்தில் நீதித்தலைவர்கள் நூலுக்கும் சாமுவேல் முதல் நூலுக்கும் நடுவே அமைந்துள்ளது. யூதர்கள் இதனை வாரங்களின் விழாவில் ஓதுகின்றனர். நம்மவரிடையே இந்நூல் பெற்றுள்ள புகழெல்லாம் ரூத்தின் புகழே. மாமியாரைப் பிரிய மறுத்து அவள் உரைத்த உறுதிமொழியைத் திருமண மறையுரைகளில் நாமும் பலமுறை எடுத்தாண்டிருக்கிறோம். அது மணமகள் மணமகனுக்குச் சொன்னதன்று, கைம்பெண் ஒருத்தி மற்றொரு கைம்பெண்ணுக்குச் சொன்னது என்பதை மணமேடையருகே நினைவூட்டியதாக நமக்கு நினைவில்லை.

நகோமி மறைக்கப்பட்டதில் திருவழிபாட்டுக்கும் பங்குண்டு. ரூத்து நூல் ஞாயிறு வாசகங்களில் இடம்பெறுவதில்லை. ஒற்றைப்படை ஆண்டுகளில், பொதுக்காலம் இருபதாம் வாரத்தின் வெள்ளியன்றும் சனியன்றும் சில பகுதிகள் வாசிக்கப்படுகின்றன. முதல் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்ட பகுதியில் இரண்டு இடங்கள் விடுபட்டுள்ளன. தன் முதுமையைப்பற்றி நகோமி மருமகள்களிடம் பேசும் இடம் ஒன்று. பெத்லகேம் பெண்களிடம் அவள் தன் கசப்பைக் கொட்டும் இடம் மற்றொன்று. நேர நெருக்கடியால் சுருக்கினார்கள் என்றே கொள்வோம். எனினும், தவறாமல் திருப்பலிக்கு வரும் ஒரு தாய், நகோமி தன்னைப்பற்றிச் சொன்ன எதையும் பீடத்திலிருந்து கேட்கமாட்டார்.

விடுபட்ட முதல் இடத்தைப் பார்ப்போம். கணவன் எலிமலேக்கும் மைந்தர் இருவரும் மோவாபு நாட்டில் மாண்டனர். பெத்லகேமுக்குத் திரும்பும் வழியில் நகோமி மருமகள்களைத் தாய்வீடு போகச் சொல்கிறாள். அதற்கு அவள் காட்டும் காரணம், தன் உடல். இறந்தவனின் மனைவியை அவன் உடன்பிறந்தான் மணக்க வேண்டும் என்னும் இணைச்சட்ட நூலின் முறையை மனத்திற்கொண்டே அவள் பேசுகிறாள். இனி எனக்கு மணவாழ்வு இல்லை. என் வயிற்றில் இனிப் பிள்ளைகள் இல்லை. இன்றிரவே கருவுற்றாலும் அவர்கள் வளரும்வரை நீங்கள் காத்திருப்பீர்களா என்று கேட்கிறாள். நடுவழியில், இளம்பெண்கள் இருவர் முன்னால், தன் உடல் கடந்துவிட்ட எல்லையைத் தன் வாயாலேயே சொல்கிறாள்.

இதன் அருமை ஒப்பிட்டால்தான் விளங்கும். சாராவுக்குப் பெண்களுக்குரிய மாத ஒழுங்கு நின்றுபோயிற்று என்பதைத் தொடக்கநூலின் 18ஆம் அதிகாரத்தில் ஆசிரியர் நமக்குச் சொல்கிறார். சாராவோ கூடாரத்துக்குள் தனக்குள்ளே சிரித்துக்கொள்கிறாள். கேட்டபோது சிரிக்கவில்லை என்று மறுக்கிறாள். எலிசபெத்து கருவுற்றபின் ஐந்து மாதம் வெளியே வராதிருந்தார். நகோமி ஒருத்தியே வெட்டவெளியில் பேசுகிறாள். அவளுக்கு வயது என்ன என்று நூல் கூறவில்லை. மணமுடித்த மைந்தர் இருவரின் தாய், மோவாபில் ஏறத்தாழப் பத்தாண்டு வாழ்ந்தவள் என்பவற்றைக்கொண்டு, அக்கால இளவயது மணத்தையும் எண்ணினால், அவளுக்கு நாற்பதுக்குச் சற்று மேலேயே இருக்கும் என்பது நம் கணிப்பு. கூன் விழுந்த கிழவியாக அவளைத் தீட்டும் ஓவியங்கள் நம்மைத் திசைதிருப்பிவிட்டன.

இன்னுமொரு வேறுபாடு உண்டு. நம் வாசிப்பின் மையம் அதுவே. சாராவின் கருப்பையும் எலிசபெத்தின் கருப்பையும் இறைவனால் திறக்கப்பட்டன. அவ்விரு புதுமைகளையும் நாம் ஆண்டுதோறும் போற்றுகிறோம். நகோமியின் கருப்பை திறக்கப்படவே இல்லை. இந்நூலில் இறைவன் நேரடியாகச் செயலாற்றியதாக இரண்டே இடங்களில் சொல்லப்படுகிறது: பஞ்சம் நீங்கித் தம் மக்களுக்கு உணவளித்தது ஒன்று, ரூத்து கருவுறச் செய்தது மற்றொன்று. நகோமியின் உடலில் ஒன்றும் மாறவில்லை. நம் பங்குகளில் வாழும் பெண்களில் ஏறத்தாழ அனைவரும் இந்த நகோமியின் நிலையில் உள்ளவர்களே. நம் மறையுரைகளோ சாராவையே அவர்கள்முன் நிறுத்துகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்பியக் கூட்டத்தில் இந்த முதல் அதிகாரத்தை விளக்கினோம். குருமடத்தில் கற்ற வழக்கப்படி, நகோமியை முறுமுறுப்பவளாகவும் ரூத்தை நம்பிக்கையின் மகளாகவும் எதிரெதிரே நிறுத்தினோம். ஐம்பதை நெருங்கிய தாய் ஒருவர் எழுந்தார். “சாமி, அந்த அம்மா மனசுவிட்டுச் சொன்னதைக் கேட்க ஊர்ப் பொம்பளைங்களாவது இருந்தாங்களே” என்றார். பிறகு தம் நிலையைச் சொன்னார். இரண்டு ஆண்டுகளாக உறக்கமில்லை. நள்ளிரவில் உடல் திகுதிகுவென்று எரிந்து சேலை நனைய வியர்க்கிறது. கோவிலில் காற்றுக்காக வாசலோரம் உட்கார்ந்தால், பக்தி குறைந்துவிட்டது என்கிறார்கள். இவை நமக்கு ஓரளவு விளங்கின. அடுத்து அவர் கேட்டதற்கு நம்மிடம் விடை இல்லை. ஒரே மகனுக்குப்பின் இன்னொரு பிள்ளை வேண்டி இருபது ஆண்டுகளாக வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டி வந்தவர் அவர். “இப்ப எல்லாம் நின்னுபோச்சு. அந்த வேண்டுதலை விட்டுடலாமா சாமி? விட்டா மாதாவை நம்பாத மாதிரி ஆயிடுமா?” என்றார்.

இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. இருபது பேர் நடுவே சொல்லப்பட்டது. அவருடைய இசைவோடுதான் இங்கு எழுதுகிறோம். நாம் சாராவைப்பற்றிச் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் பக்கத்திலிருந்த மூத்த பெண்மணி ஒருவர், “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, தங்கச்சி” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாம் நூலை மூடிவைத்தோம்.

அன்றிரவு விடுபட்ட இரண்டாம் இடத்தை மீண்டும் படித்தோம். நகோமி ஊருக்குள் வருகிறாள். ஊரே பரபரப்படைகிறது. இவள்தான் நகோமியா என்று கேட்பவர்கள் பெண்கள். எபிரேய வினைச்சொல்லே பெண்பாற் பன்மையில் அமைந்திருக்கிறது. இனிமை எனப் பொருள்படும் நகோமி என்னும் பெயரை விலக்கி, கசப்பு எனப் பொருள்படும் மாரா என்று தன்னை அழைக்குமாறு அவள் சொல்கிறாள். நிறைவோடு போன தன்னை ஆண்டவர் வெறுமையாகத் திருப்பிக் கொணர்ந்தார் என்கிறாள். எல்லாம் வல்லவரே தன்னை வருத்தினார் என்கிறாள். யோபும் இதே இறைப்பெயரைச் சொல்லி முறையிட்டவர்தாமே? அவரை நேர்மையாளர் என்கிறோம், இவளை முறுமுறுப்பவள் என்கிறோம். இந்த ஓரவஞ்சனையை நாமும் பல ஆண்டுகள் செய்தோம்.

யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உடனிருந்தார்கள். பிறகு வாய் திறந்து இறையியல் பேசினார்கள். இறுதியில் ஆண்டவரின் கண்டனத்திற்கு ஆளானார்கள். பெத்லகேம் பெண்களோ நகோமிக்கு மறுமொழியே சொல்லவில்லை. அப்படிச் சொல்லாதே என்று தடுக்கவுமில்லை, ஆம் நீ கசப்புதான் என்று ஒத்துக்கொள்ளவுமில்லை. அதன்பின் நூல் முழுவதிலும் எவரும் அவளை மாரா என்று ஒருமுறைகூட அழைக்கவில்லை. ஆசிரியரும் அழைக்கவில்லை. இந்த மௌனத்தை உரைகாரர் சிலர் போல வெறும் கதைச்சுருக்கம் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

வெறுமை என அவள் சொன்னபோது ரூத்து அருகிலேயே நின்றாள் என்பதை மறக்கலாகாது. அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நகோமி எதிர்பார்த்த நிறைவு வயிற்றில் பிறக்கும் மைந்தர். எனவே, அருகில் நின்ற மருமகள் அவள் கணக்கில் வரவில்லை. ஆசிரியர் இதனை மென்மையாகத் திருத்துகிறார். மூன்றாம் அதிகாரத்தில் போவாசு ஆறு அளவு வாற்கோதுமையைக் கொடுத்து, மாமியாரிடம் வெறுங்கையாய்ப் போகவேண்டாம் என்று சொல்லியனுப்பியதாக ரூத்து நகோமியிடம் கூறுகிறாள். அவ்விடத்து எபிரேயச் சொல் ‘ரேக்காம்’. முன்பு நகோமி தன் வெறுமைக்குச் சொன்னதும் அதே சொல்தான். அவள் வெறுமைக்கு முதல் விடை தானியமாக வருகிறது. அதைச் சுமந்து வந்தவளோ, கணக்கில் வராத மருமகள்.

நான்காம் அதிகாரத்தில் இரண்டு கூட்டங்கள் உண்டு. நகர வாயிலில் ஆண்கள் கூடி, மூப்பர் பதின்மரைச் சான்றாக வைத்து, நிலத்தையும் இறந்தவனின் பெயரையும்பற்றி வழக்காடுகிறார்கள். குழந்தை பிறந்தபின் பெண்கள் நகோமியைச் சூழ்கிறார்கள். ஆண்கள் பேசியது சட்டம். அச்சட்டத்தின் ‘மீட்பர்’ என்னும் சொல்லைப் பெண்கள் எடுத்து, நேற்றுப் பிறந்த சிசுவுக்குச் சூட்டுகிறார்கள். மேலும், நகோமியை நேசிக்கும் மருமகள் ஏழு புதல்வரினும் மேலானவள் என்கிறார்கள். ஏழு புதல்வர் என்பது அக்கால நிறைவின் அளவு. யோபுக்கும் ஏழு புதல்வரே. நகோமி பல்லாண்டு சுமந்த எதிர்பார்ப்பை அயலகத்துப் பெண்கள் இறக்கி வைத்தது இந்த ஒற்றைச் சொல்லால்தான். பிறகு அவர்களே குழந்தைக்கு ஓபேது எனப் பெயரிடுகிறார்கள். விவிலியத்தில் பெயரிடுவோர் பெரும்பாலும் தந்தையோ தாயோ. லூக்கா நற்செய்தியில் அயலார் எலிசபெத்தின் மகனுக்குப் பெயர் வைக்க முனைந்தபோது தாய் தடுத்துவிட்டார். இங்கே தடுப்பாரில்லை.

கடைசியில் நகோமி மடியில் ஒரு பேரன் வந்தால்தானே கதை முடிகிறது, பழைய எதிர்பார்ப்பு வேறு வாயிலால் உள்ளே வந்துவிட்டதே என்று கேட்கலாம். ஞாயமான கேள்வி. முதல் அதிகாரத்தில் இறந்த மைந்தரைக் குறித்த அதே எபிரேயச் சொல்லால் ஆசிரியர் இக்குழந்தையையும் குறிப்பது, இழப்பு ஈடுசெய்யப்பட்டது என்றே காட்டுகிறது. இதனை மறைத்து நூலை முற்றும் காப்பாற்ற நாம் முனையவில்லை. பேரன் பிறக்காத நகோமிக்கு இந்நூல் என்ன சொல்லும்? ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். நகோமி குழந்தையைத் தாயாக ஏற்கவில்லை, செவிலியாகவே ஏற்கிறாள். ‘நகோமிக்கு மகன் பிறந்தான்’ என்னும் பொருள்பட அயல்பெண்களே ஊரறியச் சொல்கிறார்கள். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. நான்காம் அதிகாரம் முழுவதிலும் நகோமிக்கும் பேச்சில்லை, ரூத்துக்கும் பேச்சில்லை. கசப்பு தீர்ந்ததா என்று நமக்குத் தெரியாது. அவள் மகிழ்ந்ததாக ஆசிரியர் எழுதாததை நாம் அவருடைய நேர்மை என்றே கொள்கிறோம்.

நமக்கு மனத்தாங்கல் உள்ள இடம் நூலின் கடைசி ஐந்து வசனங்கள். பெரேட்சு முதல் தாவீது வரை பத்து ஆண்களின் பெயர்ப்பட்டியலோடு நூல் முடிகிறது. ரூத்தின் பெயரைப் பின்னர் மத்தேயு தம் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். நகோமியின் பெயர் அங்குமில்லை. குழந்தைக்குப் பெயரிட்ட அயல்பெண்கள் எவருடைய பெயரும் எங்குமே இல்லை.

நம் அன்பியத் தாய்மார் அடுத்த கூட்டத்திற்கு இதே நூலைக் கேட்டார்கள். விளக்கவுரைக்காக நாமும் சில குறிப்புகள் எழுதி வைத்திருந்தோம். கூட்டத்திற்கு இரண்டு நாள் முன்னால் அந்த மூத்த பெண்மணி பங்கு இல்லத்திற்கு வந்து, “இந்தத் தடவை நாங்களே வாசிச்சுக்கிறோம், சாமி வரவேண்டாம்” என்றார். குறிப்புகளை அவரிடமே கொடுத்தனுப்பினோம். அவற்றை அவர்கள் படித்தார்களா என்று இன்றுவரை நாம் கேட்கவில்லை.