கீறல் ஆறும் அழகு

போடிமெட்டு ஏறி இடுக்கிப் பக்கம் போனால் ஏலத்தோட்டம். வாளையாறு தாண்டினால் பாலக்காட்டு வயல். இரண்டிலும் வேலை செய்கிறவர்களின் கைக்குக் கீறல் புதிதல்ல. அது தானாக மூடிக்கொள்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

தோல் செல்லின் சவ்வில் ஆடம்17 என்றொரு நொதி ஊன்றி நிற்கிறது. புரதத்தை வெட்டுவதே அதன் தொழில். காயம் பட்டதும், அதே சவ்வில் கட்டுண்டு கிடக்கும் வளர்ச்சிப் புரதத்தை நறுக்கி விடுவிக்கிறது. தும்பறுத்த கன்றாக அது போய் அண்டைச் செல்லின் ஏற்பியைத் தொடுகிறது. அந்தச் செல் பெருகுகிறது, காயத்தை நோக்கி நகர்கிறது. வெட்டியது திரும்ப ஒட்டாது என்பதால் எப்போது வெட்டுவது என்பதில் செல் காட்டும் கட்டுப்பாடு அபாரமானது. அது தவறினால் அழற்சிதான். 1997இல் இந்த நொதியைக் கண்டறிந்ததே, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தைச் சவ்விலிருந்து விடுவிப்பது எது என்ற தேடலில்தான்.

ஏலத்தோட்டம் இருக்கும் அந்த மலைகளில் மலபார் குழிவிரியன் உண்டு. விரியன் நஞ்சில் இரத்தக்குழாய்ச் சுவரைச் சிதைக்கும் உலோகப் புரதநொதிகள், ஆடம்17 அடங்கிய ஆடம் குடும்பத்திலிருந்தே பரிணமித்தவை. சவ்வில் ஊன்றும் பகுதியை இழந்துவிட்டதால் கட்டற்றுப் பரவுகின்றன. தோட்டத்தில் பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கடிவாயைக் கீறாதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.