சுமை நீங்கிய மகிழ்ச்சி: இரட்சணிய யாத்திரிகம் பற்றிய ஒரு சிந்தனை

ஆனி, ஆடித் திங்கள்களில் சாரல் தொடங்கியதும் தென்காசியைக் கடந்து குற்றாலம் செல்லும் கூட்டத்தை நாம் அறிவோம். உடற்களைப்புத் தீர நீராடுவோர் பலர். வினை தீரும் என்ற நம்பிக்கையோடு நீராடிக் குற்றாலநாதரைத் தொழுவோரும் பலர். அருவியினின்று வெளிவரும் முகங்களில் ஒரு மலர்ச்சி தெரிகிறது. நம் ஆலயங்களில் பாவ அறிக்கை செய்து, மன்னிப்பின் வார்த்தையைக் கேட்டு எழுவோர் முகங்களில் அம்மலர்ச்சி உண்டா? இவ்வினாவோடு எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை மீண்டும் பயில்வது நலம்.

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியே ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது. அத்தாமிரபரணி நாட்டுக் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த கவிஞர், 1858இல் திருமுழுக்குப் பெற்றார். ஐந்து பருவங்களும் 3,700க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட அவரது காப்பியம் 1894இல் நூலாக வெளிவந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையே அதன் மூலம்.

பனியனின் நூலில் சுமை வீழும் காட்சி மிகச் சுருக்கமானது. சிலுவையண்டை வந்ததும் சுமை தானே அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் மறைகிறது. யாத்திரிகன் வியக்கிறான், அழுகிறான், பின்னர் மும்முறை துள்ளிப் பாடிச் செல்கிறான். சுமையை அவிழ்த்தவன் அவனல்லன் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அவன் கண்ணீர் மன்னிப்பின் விலையன்று, மன்னிப்பின் விளைவு.

கம்பனில் தோய்ந்த நம் கவிஞரோ கிறிஸ்துவின் பாடுகளின் வரலாற்றையே விரிவாகப் பாடிச் சேர்த்தார். இதனால் கதையோட்டம் தடைப்படுகிறது என்பது உண்மை. எனினும் இறையியல் நோக்கில் இது குறையன்று. மன்னிப்பவர் ஏற்ற துயரைக் காணாதவனுக்கு மன்னிப்பு மலிந்துபோம். மகிழ்ச்சியும் வெறும் மனக்கிளர்ச்சியாகும். மேலும், காப்பியத்தினிடையே வரும் தேவாரப் பதிகங்களில் ஆன்மாவின் புலம்பலும் துதியும் பக்தி மரபின் ஒரே நாவில் ஒலிக்கின்றன. பாவ அறிக்கை, விசுவாச அறிக்கை என இரண்டிற்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவதும் பொருத்தமே. தன் பாவத்தைச் சொல்பவன் தன் கடவுள் யார் என்பதையும் சொல்கிறான்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தின் உவமைகளில் முதலில் மகிழ்பவர் காணாமற்போனவர் அல்லர், கண்டடைந்தவரே. மன்னிப்புப் பெற்றவனின் மகிழ்ச்சி, மன்னித்தவரின் மகிழ்ச்சியில் பங்குபெறுவதாகும். நம் பாவ அறிக்கை முகமலர்ச்சியின்றி முடிவதற்குக் காரணம், நம் குற்றத்தையே நோக்கி நின்று, அவர் மகிழ்வதை நோக்காமையே.

ஆயினும் மூலநூலுக்கும் தழுவலுக்கும் பொதுவான ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. சுமை ஒரு தனிமனிதனின் முதுகில் மட்டுமே காட்டப்படுகிறது. நம் பாவத்தின் சுமையோ பெரும்பாலும் பிறர் முதுகில் ஏற்றப்பட்டுள்ளது. தமிழகத் திருச்சபைகளில் சாதியின் பெயரால் இருக்கைகளும் கல்லறைகளும் பிரிக்கப்பட்ட வரலாறு நமக்குண்டு. அச்சுமையைக் கடவுளிடம் மட்டும் அறிக்கையிட்டு மகிழ்தல் எளிது. சகேயுவோ ஆண்டவரை மகிழ்ச்சியோடு ஏற்றபின், ஏய்த்து வாங்கியதை நான்மடங்காய்த் திருப்பித்தர முன்வந்தான்.

கோடையில் குற்றால அருவி வற்றும். பனியனின் யாத்திரிகனும் சுமை நீங்கியபின் மலைவழியில் உறங்கித் தன் சீட்டை இழந்தான். தேடித் திரும்பிச் சென்றே மீண்டும் பெற்றான். மகிழ்ச்சி வற்றிய சபைக்கும் திரும்பிச் செல்லும் வழி திறந்தேயிருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் கரம் தொட்டுச் சமாதானம் பகிர்கிறோம். அருகில் இருப்பவரோடு நின்றுவிடாமல், நாம் யாருக்குத் தீங்கிழைத்தோமோ அவர் வரை அக்கரம் நீளுமாயின், அங்கே மகிழ்ச்சி பிறக்கும்.